டாக்டரிடம் 158, வீட்டில் 138: எந்த பிரஷரை நம்புவது?

கேட்டது இதுதான். அம்மாவுக்கு 64 வயது, பிரஷருக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை போகிறது. போன வாரம் டாக்டர் பார்த்தபோது 158/92. இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்றார். அன்று சாயங்காலமே வீட்டு மிஷினில் போட்டுப் பார்த்தால் 149/88, உடனே மறுபடி போட்டால் 141/86, அதற்கடுத்து 138/84. மிஷின் கெட்டுவிட்டதா, டாக்டர் தப்பாக எடுத்தாரா, புது மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

மிஷின் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. டாக்டரும் தப்பாக எடுத்திருக்க வேண்டியதில்லை. நான்கு எண்ணும் அந்தந்த நேரத்தில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவற்றில் எந்த ஒன்றையும் வைத்து அம்மாவின் பிரஷர் இவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற விஷயம். மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. போன் அடித்தால் ஏறும், கண்ணை மூடிச் சாய்ந்தால் இறங்கும். கஃப், அதாவது கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை, கையை இறுக்குவதே ஒரு சின்ன பதற்றம்தான், அதனால் முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். உங்கள் எண்களையே பாருங்கள்: 149, 141, 138. மிஷின் தடுமாறவில்லை, அம்மாதான் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்திருக்கிறார்.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதைப் பதிவு செய்தார். அவ்வளவு உயரக் குழாயோடு யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனமான பாதரசம் அதே வேலையை ஒரு சாண் உயரத்தில் முடித்துவிடும். மில்லிமீட்டரில் பாதரச உயரத்தைச் சொல்லும் வழக்கம் அப்படி வந்தது. பாதரசமே இல்லாத இன்றைய மிஷினிலும் கணக்கு அதுதான். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் அதோடு ஸ்டெதாஸ்கோப்பைச் சேர்த்தார்.

கையால் எடுப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? முழங்கைக்கு மேலே பட்டையைச் சுற்றி, நாடித்துடிப்பு தொலைந்துபோகும் வரை காற்றடிப்பார்கள். முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, திருகைத் தளர்த்தி, நொடிக்கு 2 மி.மீ. வேகத்தில் காற்றை விடுவார்கள். முதலில் ஒன்றும் கேட்காது. நசுங்கிக் கிடந்த குழாயைத் தள்ளிக்கொண்டு ரத்தம் முதன்முதலாகப் பீறிடும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். அது மேல் அளவு, சிஸ்டாலிக். டொக், டொக் என்று தொடர்ந்து, பிறகு மங்கி, ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுவிடும். குழாய் முழுக்கத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அது கீழ் அளவு, டயஸ்டாலிக். அவசரத்தில் காற்றைப் படாரென்று விட்டால் இரண்டு துடிப்புக்கு நடுவில் முள் 10 மி.மீ. ஓடிவிடும். மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகும். இன்னொரு விஷயம்: கையால் எடுக்கும் கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும், ஆகவே எண் எப்போதும் இரட்டைப்படை. எல்லோருக்கும் 130/80, 140/90, 150/90 என்று பூஜ்யத்திலேயே முடிகிறது என்றால், எடுப்பவர் குத்துமதிப்பாக எழுதுகிறார்.

வீட்டு மிஷின் சத்தத்தைக் கேட்பதே இல்லை. கஃபுக்குள் இருக்கும் காற்றில் ஒவ்வொரு துடிப்பும் உண்டாக்கும் சின்ன அதிர்வை அளக்கிறது. அதிர்வு எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அது சராசரி அழுத்தம். மேல் அளவையும் கீழ் அளவையும் அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டு மிஷின் ஊகிக்கிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால் இரண்டு நல்ல மிஷின்கள் ஒரே ஆளிடம் நான்கைந்து மி.மீ. வித்தியாசம் காட்டலாம். மிஷின்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் சர்வதேச விதியே, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. 138-ஆ 141-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை.

ஆனால் உட்காரும் விதத்தில் வரும் பிழை இப்படி மூன்று நான்கோடு நிற்காது. பிரஷர் எடுப்பதும், எடுக்கச் சொல்லிக்கொடுப்பதும் எனக்குப் பல வருட வேலை. வீட்டில் எப்படி எடுக்கிறீர்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே காட்சிதான். அம்மா கட்டில் விளிம்பில் உட்காருவார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் தரையில் சரியாகப் படவில்லை. கஃப் துணிக்கு மேலேயே சுற்றப்படும். கை மடியில் கிடக்கும். பட்டனை அமுக்கிய உடனே மகனோ மகளோ “எவ்வளவு காட்டுது?” என்று எட்டிப் பார்ப்பார், அம்மா “ரொம்ப இறுக்குதுப்பா” என்பார். இந்த ஒரு நிமிடத்துக்குள் ஐந்து தப்பு நடந்துவிட்டது. அதில் பெரும்பாலானவை எண்ணை ஒரே திசையில், மேலே, தள்ளுபவை.

இவற்றில் கை வைக்கும் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கஃபின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், அதாவது மார்பின் நடு உயரத்தில். கை அதைவிடக் கீழே போனால், இடையில் நிற்கும் ரத்தத்தின் எடையும் அளவோடு சேர்ந்துவிடும். 10 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. கூடும், இது வெறும் இயற்பியல், யாருக்கும் விலக்கில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 133 பேரிடம் இதைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். மேசையில் தாங்கி வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கையில் மேல் அளவு சராசரியாக 3.9 மி.மீ. கூடுதல், தொங்கவிட்ட கையில் 6.5 கூடுதல். இன்னொன்றும் உண்டு: கையை மேசையில் வைக்காமல் சரியான உயரத்தில் தானாகவே தூக்கிப் பிடித்திருந்தாலும் எண் ஏறும், தசை வேலை செய்கிறதே. மேசை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் ஒரு தலையணையை மடித்து வையுங்கள். நான் சொல்வதை நம்பவே வேண்டாம். இன்று ராத்திரி நீங்களே கையை மேசையில் வைத்து ஒரு தடவை, தொங்கவிட்டு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

கஃபின் அளவு இதைவிடப் பெரிய தில்லுமுல்லு செய்யும். பருத்த கைக்குச் சின்ன கஃபைச் சுற்றினால் குழாயை நசுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும், எண் எகிறும். 2023-இல் வந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃபைப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. பெரிய கஃப் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடுதல். ஒல்லியான கைக்குச் சாதாரண கஃப் பெரிதாகிவிட்டால் நேர்மாறு: 3.6 குறைவாகக் காட்டியது. அம்மாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல் டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். கஃபிலேயே எத்தனை செ.மீ.யிலிருந்து எத்தனை செ.மீ. வரை என்று அச்சடித்திருப்பார்கள். அதற்குள் வரவில்லையா, வேறு கஃப் வாங்குங்கள். மிஷினை மாற்ற வேண்டியதில்லை. அதே கம்பெனியின் கஃபாக இருக்கட்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கஃப் வெறும் தோலில்தான். ஸ்லீவைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு மாதிரி இறுக்கும், கையை வெளியே எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் 10 மி.மீ. கூட ஏறலாம். பேச்சு இன்னொரு 10. காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவானாலும் அரை மணி நேர இடைவெளி வேண்டும். குளிர்ந்த அறையில் ரத்தக்குழாய் சுருங்கி எண் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சும்மா என்றால் சும்மாவேதான், செய்தி பார்த்துக்கொண்டோ, போனைத் தள்ளிக்கொண்டோ இல்லை. சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் செய்பவர்கள்கூட இந்த ஐந்து நிமிடத்தில்தான் திருட்டுத்தனம் செய்கிறார்கள்.

நாலைந்து மி.மீ.க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். பத்து லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்து 2002-இல் வந்த ஆய்வில், 40 முதல் 69 வயதுக்குள், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 கூடினால் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாவதற்கான வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. இது 140-இல் ஆரம்பிப்பதில்லை, 115/75-இலிருந்தே ஏறத் தொடங்குகிறது. மறுபக்கம், மருந்தால் மேல் அளவை வெறும் 5 மி.மீ. குறைத்தாலே பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று 2021-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. சாதாரண அளவில் ஒரு பிரஷர் மாத்திரை மேல் அளவைச் சராசரியாக 9 மி.மீ. வாக்கில் குறைக்கும். இப்போது சேர்த்துப் பாருங்கள். தொங்கும் கை 6.5, பேச்சு 10, சின்ன கஃப் 5 அல்லது அதற்கும் மேல். நாற்காலியில் சரியாக உட்காராததால் வரும் பிழை ஒரு மாத்திரையின் பலத்துக்குச் சமம், சில சமயம் இரண்டு மாத்திரைக்கு. இல்லாத 10 மி.மீ.க்கு மாத்திரை சாப்பிட்டால் அது இருக்கிற அழுத்தத்தைத்தான் குறைக்கும். அறுபதைத் தாண்டியவர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது கண் இருட்டி விழுந்து, இடுப்பெலும்பு முறிவில் முடிவதும் உண்டு.

எதிர்ப்பக்கப் பிழையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதற்கான ஆபத்து இருக்கிறது. “வீட்டில் 138 தானே, 140-க்குக் கீழேதானே, அப்போ நார்மல்” என்று நீங்கள் நினைத்திருக்கலாம். 140/90 என்பது டாக்டரிடம் எடுக்கும்போது பார்க்கும் கோடு. வீட்டில் நிதானமாக எடுக்கும் அளவுக்குக் கோடு 135/85. ஆக வீட்டு 138 எல்லைக்கு மேலேதான். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் 130/80-ஐ எட்டினாலே உயர் ரத்த அழுத்தம் என்று வகுத்தன. எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது என்பது அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி, இதயக் கோளாறு உண்டா என்பதைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வது. நீங்கள் அங்கே கொண்டுபோகும் எண் நேர்மையாக இருந்தால் போதும்.

டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிற பிரஷர் உண்டு, அதற்கு ‘வெள்ளைக் கோட்டு’ பிரஷர் என்றே பெயர். பாசாங்கு இல்லை, உடம்பு உண்மையாகவே ஏற்றுகிறது. அது மட்டும் என்றால் உடனே மருந்து தேவைப்படாமல் போகலாம், ஆனால் பின்னாளில் நிரந்தரமாக ஏறிவிடுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். இதைவிட மோசமானது மறைந்திருக்கும் பிரஷர்: டாக்டரிடம் அழகாக 128, வீட்டிலோ வேலையிடத்திலோ 145. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், இதயமும் சிறுநீரகமும் மட்டும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். டாக்டர் அறைக்கு வெளியே எடுத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்குப்படி 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

அந்த 158-க்கு வருவோம். அன்று எப்படி எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நடந்துபோய் உட்கார்ந்த உடனேயா? கஃப் இறுக்கும்போது “தூக்கம் எப்படி, கால் வீக்கம் குறைஞ்சுதா?” என்று பேச்சு நடந்ததா? வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்று அன்று காலை பிரஷர் மாத்திரையைத் தவிர்த்தாரா? இது ரொம்ப சகஜம், கேட்டால்தான் சொல்வார்கள். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையோ, மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையோ அந்த வாரம் போட்டாரா? இவையும் பிரஷரை ஏற்றும். இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பெரிய ஆய்வுகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தால் சாவு குறைகிறது என்று 2015-இல் உலகத்துக்குச் சொன்ன ஸ்பிரிண்ட் ஆய்வில், ஆட்களை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மிஷினே தானாக மூன்று முறை எடுத்து, சராசரியைத்தான் கணக்கில் வைத்தார்கள். அந்த 120-ம், ஓடிவந்து உட்கார்ந்தவரிடம் எடுத்த 120-ம் ஒன்றல்ல. இலக்கு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எடுக்கும் முறையை விட்டுவிட்டால், தேவைக்கு மேல் மருந்து போகும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் நாள் இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள். எதில் தொடர்ந்து கூடுதலோ அதிலேயே இனி எப்போதும் எடுங்கள். இரண்டுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் மாறாமல் இருந்தால் டாக்டரிடம் குறிப்பிடுங்கள். குறைவாகக் காட்டும் கையின் ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையையும், டயாலிசிசுக்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையையும் தொட வேண்டாம்.

அப்புறம் ஏழு நாள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்போ படுக்கப் போகும் முன்போ அதே போல இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன்னால் ஏன் என்றால், நேற்றுப் போட்ட மாத்திரை 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். முதல் நாள் எண்களை எழுதுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி ஆறு நாளில் 24 அளவுகள் இருக்கும். அவற்றின் சராசரிதான் அம்மாவின் பிரஷர். அந்த வாரத்துக்கு இடையில் தலைவலிக்கிறது, படபடப்பாக இருக்கிறது என்று எடுக்கும் எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இதில் கலக்க வேண்டாம்.

எழுதும்போது ஒரு சபலம் வரும். 156 என்று வந்தால் “இது சரியில்லை, மறுபடி எடுப்போம்” என்று எடுத்து, 142 வந்ததும் அதை மட்டும் எழுதுவது. எல்லோரும் செய்வதுதான். மிஷினின் நினைவில் இருக்கும் எண்களையும் நோட்டில் இருக்கும் எண்களையும் வைத்துப் பார்த்தால் நோட்டு எப்போதும் கொஞ்சம் ஆரோக்கியமாக இருக்கும். வந்ததை வந்தபடி எழுதுங்கள். முடிந்தால் மிஷினையே டாக்டரிடம் எடுத்துப்போங்கள். அங்கேயே அவர்கள் கருவியிலும் உங்கள் மிஷினிலும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால், மிஷின் சரியா என்ற சந்தேகமும் தீரும். சராசரியாக ஐந்துக்குள் ஒத்துப்போனால் மிஷின் நல்லது, பத்தைத் தாண்டினால் மாற்றலாம்.

மிஷின் வாங்குவதைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: மேல்கையில் கட்டுவது, தனி அமைப்பு சோதித்துச் சரிபார்த்த பட்டியலில் உள்ளது, கைக்குப் பொருந்தும் கஃப். இந்த மூன்று போதும், மற்றதெல்லாம் அலங்காரம். சரிபார்த்த மாடல்களை ஸ்டிரைட் பிபி என்ற இணையதளத்தில் தேடலாம். மணிக்கட்டு மிஷினில் மணிக்கட்டை இதய மட்டத்தில் நிறுத்துவது கஷ்டம்; மேல்கைக்கு எந்தக் கஃபும் பொருந்தாதவர்களுக்கு வேண்டுமானால் பரவாயில்லை. விரலில் மாட்டுவது வேண்டாம். கஃப் இல்லாமல் பிரஷர் காட்டும் கைக்கடிகாரங்களை வைத்து மருந்தை முடிவு செய்ய இன்றைக்கு எந்த முக்கிய வழிகாட்டலும் பரிந்துரைக்கவில்லை.

மிஷின் திரையில் துடிப்பு சீராக இல்லை என்ற குறி அடிக்கடி வந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு துடிப்பும் வேறு வேறு பலத்தில் வருவதால் மிஷினின் கணக்கு குழம்பும், அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று தடவையாவது எடுத்துச் சராசரி போட வேண்டும். அந்தக் கோளாறே பக்கவாதத்துக்குப் பெரிய காரணம் என்பதால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

அம்மா ஏற்கெனவே மருந்தில் இருப்பதால், அந்த வாரத்தில் ஒருநாள் நின்றும் எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. கை அப்போதும் இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், புது மாத்திரை சேர்ப்பதற்கு முன் டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் என் பதில்: நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வீட்டு எண்ணைக் காட்டி டாக்டர் சொன்னதை மறுக்கவும் வேண்டாம். அவருக்கு போன் செய்து, ஒரு வாரம் வீட்டில் எடுத்துக் கொண்டுவருகிறோம், அதுவரை பொறுக்கலாமா என்று கேளுங்கள். 158 என்ற அளவில், வேறு ஆபத்து இல்லை என்றால், பெரும்பாலான டாக்டர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். ஆரம்பித்தே ஆக வேண்டும் என்றால் ஆரம்பித்துவிட்டு இதே முறையில் எடுங்கள். சராசரி 142/86 மாதிரி வந்தால் டாக்டர் சொன்னது சரி, புது மாத்திரையோ இருக்கிற மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ தேவைப்படும். 126/78 வாக்கில் வந்தால் இரண்டாவது மாத்திரைக்கு அவசரமில்லை என்று அவரே சொல்லலாம். 134, 136 என்று கோட்டை ஒட்டியே நின்றால் 24 மணி நேர பிரஷர் பரிசோதனை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இடுப்பில் ஒரு சின்னக் கருவி, கையில் கஃப், பகலில் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கும். அதன் பெரிய லாபம் ராத்திரி அளவு. தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கு ஆபத்து அதிகம், குறட்டையும் மூச்சுத் திணறலும் சேர்ந்த தூக்கக் கோளாறு பின்னால் ஒளிந்திருக்கவும் கூடும். பகலுக்கு 135/85, ராத்திரிக்கு 120/70, நாள் முழுவதற்கும் சேர்த்து 130/80 என்பது அதில் பார்க்கும் கோடு.

அந்த ஏழு நாளுக்குள் எப்போதாவது 180/120-ஐத் தாண்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுங்கள். இறங்காவிட்டால், உபாதை ஒன்றும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மிஷின் 130 காட்டினாலும் அப்படித்தான்.